ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? உங்கள் மருத்துவக் காப்பீடு ஒப்பந்தத்தில்தான் ஒளிந்திருக்கிறது

ஆங்கில ஆசிரியர் வேலைக்கு ஜப்பான் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்று, அடுத்து கேட்பது வீடு தருவார்களா என்று. மருத்துவக் காப்பீடு பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அப்படியே கேட்டாலும், "இன்சூரன்ஸ் உண்டு" என்று நிறுவனத்துக்காரர் ஒரு வரியில் சொல்லிவிட்டால் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஜப்பானில் எல்லோருக்கும் காப்பீடு உண்டு. 1961-லேயே அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். 2012 ஜூலையிலிருந்து, மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் விசாவில் வருகிற வெளிநாட்டவரும் ஏதாவது ஒரு அரசுக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். எந்தக் காப்பீடு, அதன் மாதச் சந்தாவில் பாதியை யார் கட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் இரண்டு மாதம் படுத்துவிட்டால் வீட்டு வாடகையைக் கட்டப் பணம் வருமா வராதா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இது சம்பந்தமில்லாத விஷயமும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு ஆங்கில வழியில் படித்து, பட்டமும் வைத்திருக்கும் இந்தியர்களுக்கு அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் விசா கிடைக்க வழி இருக்கிறது. தோக்கியோவின் நிஷிகசாய் பக்கம் ஐ.டி. வேலைக்காகக் குடும்பத்தோடு போன தமிழர்களின் துணைவியரில் சிலர் மாலையில் பகுதிநேரமாக ஆங்கில வகுப்பு எடுக்கிறார்கள். அவர்களுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். ஜப்பானில் வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காப்பீடுகள்தான். ஒன்று ஷகாய் ஹோக்கென். இது ஊழியர்களுக்கானது, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்தே வரும், சந்தாவில் பாதி உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும், மீதிப் பாதியை முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். இன்னொன்று கொகுமின் கென்கோ ஹோக்கென், பேச்சில் கொகுஹோ என்று சுருக்குவார்கள். இதை உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் நீங்களே போய்ச் சேர வேண்டும், முழுச் சந்தாவும் உங்கள் தலையில், ஓய்வூதியமும் தனியாகக் கட்ட வேண்டும்.

மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மொத்தச் செலவில் 30 சதவீதம் நீங்கள் கொடுப்பீர்கள், 70 சதவீதத்தைக் காப்பீடு கொடுக்கும். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளுக்கு 20 சதவீதம். பல் வைத்தியமும் இதில் அடங்கும் என்பது நம்மூர் காப்பீட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். டாக்டர் கட்டணமும் மருந்து விலையும் நாடு முழுக்க அரசு நிர்ணயித்த ஒரே பட்டியல்படிதான், ஆகவே இந்த கிளினிக்கில் குறைவு அந்த கிளினிக்கில் அதிகம் என்று அலைய வேண்டியதில்லை. ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். பக்கத்து கிளினிக்கின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் போனால் பல பெரிய மருத்துவமனைகளில் முதல் தடவைக்கு 7,000 யென்னாவது கூடுதலாக வாங்குவார்கள், அதற்குக் காப்பீடு கிடையாது.

பெரிய செலவுக்கு ஒரு உச்சவரம்பும் இருக்கிறது, இரண்டு காப்பீட்டிலும். ஒரு உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்போம், ஏனென்றால் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும். மாதம் 2,50,000 யென் வாங்கும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா கணக்கிட அவர் சம்பளத்தை 2,60,000 என்ற படியில் வைப்பார்கள். மருத்துவச் சந்தா கிட்டத்தட்ட 10 சதவீதம், மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்; அதில் பாதி, அதாவது சுமார் 13,000 யென், அவர் பங்கு. ஓய்வூதியச் சந்தா 18.3 சதவீதம், அதில் பாதி 23,790 யென். ஆக மாதம் 37,000 யென்னுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், அதே அளவை முதலாளியும் கட்டுவார். சம்பளச் சீட்டில் இவ்வளவு பிடித்திருக்கிறார்களே என்று வயிறு எரிபவர்கள் அடுத்த பகுதியையும் படித்துவிட்டு எரியட்டும்.

அவருக்கு ஒரு அறுவை சிகிச்சை, மொத்தச் செலவு 6,00,000 யென். 30 சதவீதம் என்றால் 1,80,000. ஆனால் 2015-இல் நிர்ணயித்த அளவுப்படி அவருடைய வருமானப் படிக்கு ஒரு மாதத்துக்கான உச்சவரம்பு 57,600 யென், அதற்கு மேல் அவர் கொடுக்க வேண்டாம். (இந்த வரம்புகளை அரசு அவ்வப்போது திருத்தும், போகும் வருடத்தின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) சாப்பாட்டுச் செலவும் தனி அறைக் கட்டணமும் இதில் சேராது. இந்தக் கணக்கு காலண்டர் மாதப்படி என்பதையும் கவனியுங்கள்: 25-ஆம் தேதி சேர்ந்து அடுத்த மாதம் 5-ஆம் தேதி வெளியே வந்தால் இரண்டு மாதக் கணக்கு, வரம்பும் இரண்டு முறை. தேதியை நாமே முடிவுசெய்யக்கூடிய சிகிச்சையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாத ஆரம்பத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இதுவரை ஷகாய் ஹோக்கெனில் இருந்தாலும் கொகுஹோவில் இருந்தாலும் அவருக்கு ஒரே நிலைதான்.

இப்போது அவர் 60 நாள் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். ஷகாய் ஹோக்கெனில் இருந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு: தொடர்ந்து மூன்று நாள் காத்திருப்பு, நான்காவது நாளிலிருந்து தினச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதிகபட்சம் ஒன்றரை வருடம் வரை. இவருக்கு ஒரு நாளைக்கு 5,780 யென் வரும், 57 நாளுக்கு 3,29,460 யென். கொகுஹோவில் இருந்தால் பூஜ்யம்தான். நகராட்சிகள் பொதுவாக இந்த உதவித்தொகையைக் கொடுப்பதில்லை. ஜப்பான் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். நிறுவனம் தானாகக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் உங்கள் வருடாந்திர விடுப்பைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் தீர்ந்துவிட்டால் சம்பளம் வெட்டு. வேற்றூரில், சொந்தபந்தம் இல்லாத இடத்தில், கையில் மூன்று லட்சம் யென் இருப்பதும் இல்லாததும் ஒன்றா?

பிரசவத்திலும் இதே கதைதான். குழந்தை பிறந்தால் ஒருமுறை கொடுக்கும் 5,00,000 யென் (2023 ஏப்ரலில் கூட்டிய தொகை) இரண்டு காப்பீட்டிலும் உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முன் 42 நாளுக்கும் பின் 56 நாளுக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைப்பது ஷகாய் ஹோக்கெனில் இருக்கும் பெண்களுக்கு மட்டும். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று: ஷகாய் ஹோக்கெனில் வருமானமில்லாத மனைவியோ கணவரோ பிள்ளைகளோ கூடுதல் சந்தா இல்லாமல் உங்கள் பெயரிலேயே சேர்ந்துகொள்வார்கள். கொகுஹோவில் தலைக்கு இவ்வளவு என்று சந்தா ஏறும்.

இப்போது இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன், ஆசிரியர்கள் ரொம்ப வருடமாக ஏமாந்த இடம். எய்கைவா என்று சொல்லப்படும் ஆங்கில உரையாடல் வகுப்பு நடத்தும் நிறுவனங்களும், அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனங்களும் தரும் ஒப்பந்தங்களில் "வாரம் 29.5 மணி நேரம்" என்று ஒரு விசித்திரமான எண் இருக்கும். ஏன் 30 இல்லை? முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் முக்கால் பங்கு வேலை செய்கிறவரை ஷகாய் ஹோக்கெனில் சேர்க்க வேண்டும் என்பது 1980-இல் வந்த ஒரு உள்வழிகாட்டுதல். வாரம் 40 மணி நேரத்தில் முக்கால் என்றால் 30. அரை மணி குறைத்து எழுதிவிட்டால் முதலாளி தன் பங்கைக் கட்ட வேண்டாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்த அரை மணியால் ஆசிரியருக்கு வேலை ஒன்றும் குறையவில்லை, வகுப்புக்கு வகுப்பு இருக்கும் இடைவெளியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே எண் சரியாகிவிடும். நாள் முழுக்க பள்ளியில் இருந்துவிட்டு வருகிற மனிதரைப் பகுதிநேர ஊழியர் என்று காகிதத்தில் எழுதிவைத்தார்கள். இது எனக்குக் கோபத்தை வரவழைக்கிற விஷயம், மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சந்து இப்போது பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. 2016 அக்டோபரில் விதியை மாற்றினார்கள்: 501 பேராவது உள்ள நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரமாவது வேலையும் மாதம் 88,000 யென்னாவது சம்பளமும் இருந்தால் ஷகாய் ஹோக்கென் கட்டாயம். 2022 அக்டோபரில் அந்த 501 என்பது 101 ஆனது, 2024 அக்டோபரில் 51 ஆனது. ஆட்கணக்கு நிபந்தனையைப் படிப்படியாகக் குறைத்து 2035-க்குள் முழுவதும் எடுத்துவிடவும், 88,000 யென் நிபந்தனையை நீக்கவும் 2025-இல் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே பெரிய நிறுவனத்தில் 29.5 மணி நேர ஒப்பந்தத்தை நீட்டினால் பயப்பட வேண்டாம், நீங்கள் காப்பீட்டுக்கு உரியவர்தான். சின்ன நிறுவனம், ஊரில் ஒரே ஒரு கிளை, மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் என்றால் பழைய முக்கால் பங்குக் கணக்குதான் இன்னும் ஓடுகிறது. அங்கே அந்த அரை மணிக்கு இன்னும் விலை உண்டு. நேர்முகத்தில் வெட்கப்படாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்த ஊழியர் எத்தனை பேர், என்னை ஷகாய் ஹோக்கெனில் சேர்ப்பீர்களா. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த விதியெல்லாம் "ஊழியர்" என்று எழுதப்பட்டவர்களுக்குத்தான். கியோமு இதாகு என்று ஒரு ஒப்பந்த வகை இருக்கிறது, அதில் நீங்கள் ஊழியரே இல்லை, சொந்தத் தொழில் செய்பவர் என்று கணக்கு. காப்பீடு, ஓய்வூதியம், வேலையில்லாக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு, எதுவும் இல்லை, எல்லாம் உங்கள் பொறுப்பு. மாதத் தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதில் மயங்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நேரமும் இடமும் பாடமுறையும் அவர்கள் சொல்கிறபடிதான், வராவிட்டால் வெட்டு என்று நடைமுறை இருந்தால் சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஊழியராக இருக்க வாய்ப்பு அதிகம். காகிதத்தை விட நடைமுறையைத்தான் தொழிலாளர் அலுவலகம் பார்க்கும்.

அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் வெளிநாட்டவரை ஏ.எல்.டி. என்பார்கள். ஒரே வகுப்பறை, ஒரே வேலை, ஆனால் மூன்று நான்கு வாசல் வழியாக உள்ளே வருவார்கள். 1987-இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்தில் வருகிறவர்களுக்கு நிலைமை நன்றாக இருக்கும்: ஊழியர் காப்பீடு, ஓய்வூதியம், கோடை விடுமுறையிலும் முழுச் சம்பளம், அதற்கு மேல் தனி விபத்துக் காப்பீடும் உண்டு, அதிகபட்சம் ஐந்து வருடம். நகராட்சியே நேரடியாக எடுக்கும் வேலையும் பரவாயில்லை, ஆனால் 2020 ஏப்ரலிலிருந்து அது ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாக நியமிக்கும் முறையாகிவிட்டது. மூன்றாவது, இடைநிறுவனம் வழியாகப் போவது. இதில் ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் பள்ளி மூடியிருக்கும்போது சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் பல. விளம்பரத்தில் இருக்கும் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வருட வருமானம் என்று நினைத்துவிடாதீர்கள்.

நிறுவனமும் நகராட்சியும் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் ஆள் அனுப்பும் வகையா, வேலையை மொத்தமாக எடுத்துச் செய்யும் வகையா என்பதும் முக்கியம். இரண்டாவது வகை என்றால் வகுப்பில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ஜப்பானிய ஆசிரியர் உங்களுக்கு நேரடியாக எந்த உத்தரவும் இடக்கூடாது. "அந்தப் பையனிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்" என்று சொல்வதே சட்டச் சிக்கல். சேர்ந்து கற்பிக்க வேண்டிய இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேச முடியாத நிலை. இதில் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள்.

அடுத்து, இரண்டாம் வருடத்து அதிர்ச்சி. கொகுஹோ சந்தாவை உங்களுடைய முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். முதல் வருடம் உங்களுக்கு ஜப்பானில் முந்தைய வருமானம் இல்லை, ஆகவே சந்தா மிகக் குறைவாக வரும். அட, இவ்வளவுதானா என்று சந்தோஷப்படுவீர்கள். அடுத்த வருடம் ஜூன் வாக்கில் ஒரு உறை வரும், அதில் பல மடங்கு ஏறிய சந்தா இருக்கும். அதே ஜூனில்தான், வசிக்கும் ஊருக்குக் கட்டும் குடியிருப்பு வரியும் முதல்முறையாகத் தலைகாட்டும், அதுவும் முந்தைய வருட வருமானப்படி. இரண்டும் சேர்ந்து வருகிற அந்த மாதத்துக்காக முதல் வருடத்திலிருந்தே பணம் எடுத்து வையுங்கள். கட்ட முடியாத நிலைமை என்றால் உறையைத் தூக்கிப் போடாமல் அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள், தவணை போட்டுக் கொடுப்பார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்குக் குறைப்பு உண்டு. நிறுவனமே உங்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டது என்றால் உங்கள் முந்தைய வருடச் சம்பளத்தை 30 சதவீதமாக எடுத்துக்கொண்டு சந்தா போடும் சலுகையும் உண்டு.

சிலர் "நான் பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன், கொகுஹோ வேண்டாம்" என்று இருந்துவிடுகிறார்கள். தனியார் காப்பீடு எதுவும் அரசுக் காப்பீட்டுக்கு மாற்று ஆகாது. ஊருக்குள் குடியேறிய 14 நாளுக்குள் சேர வேண்டும், தாமதமாகச் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டுப் பழைய சந்தாவையும் கேட்பார்கள், நடுவில் ஆன மருத்துவச் செலவுக்கோ பொதுவாகப் பலன் கிடைக்காது. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவ, ஓய்வூதியச் சந்தாக்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று பார்க்கிறார்கள், தாமதமும் கணக்கில் வரும். பழைய காப்பீட்டு அட்டை 2024 டிசம்பர் 2-ஆம் தேதியோடு புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், இப்போது மைநம்பர் என்ற (நம் ஆதார் போன்ற) அடையாள அட்டையையே காட்ட வேண்டும்; அது இல்லாதவர்களுக்கு ஒரு தகுதிச் சான்று கொடுப்பார்கள்.

முன்னால் சொன்ன துணைவியர் கணக்குக்கு வருவோம். குடும்ப விசாவில் இருப்பவர்கள் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கணவரின் ஷகாய் ஹோக்கெனில் இலவசமாக இருப்பதற்கு வருட வருமானம் 13 லட்சம் யென்னுக்குள் இருக்க வேண்டும். ஆனால் 51 பேராவது உள்ள நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரமாவது வேலை செய்தால், முன்னால் சொன்ன 88,000 யென் விதியின்படி, அதற்கு முன்னாலேயே துணைவியின் பெயரிலேயே ஷகாய் ஹோக்கென் போட்டுவிடுவார்கள். கையில் வரும் தொகை குறையும் என்று பலர் 19 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், சில வருடம் அங்கேயே இருக்கும் எண்ணம் இருந்தால் சொந்தப் பெயரில் காப்பீடு இருப்பது நல்லது, நோய்க்காலத் தொகையும் பிரசவகாலத் தொகையும் உங்களுக்கே உரிமையாக வரும். மிக மோசமான நிலை நடுவில் இருக்கிறது: சின்ன நிறுவனத்தில் வேலை, வருமானம் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது, கணவரின் காப்பீட்டிலிருந்தும் நீக்கிவிட்டார்கள், முதலாளியும் சேர்க்கவில்லை, கொகுஹோவும் ஓய்வூதியமும் முழுதாகச் சொந்தக் காசில். அந்த கொகுஹோ உறைகூட குடும்பத் தலைவர் என்று கணவர் பெயருக்குத்தான் வரும், அவர் அந்தக் காப்பீட்டிலேயே இல்லாவிட்டாலும்.

வேலை நிலைமை பற்றி இன்னும் சில விஷயங்கள். வேலையில் அடிபட்டாலோ, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே சைக்கிளிலிருந்து விழுந்தாலோ ரோசாய் என்ற விபத்துக் காப்பீடு இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் வேலை செய்கிற ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு, சந்தா முழுவதும் முதலாளியுடையது, சிகிச்சை இலவசம். நிறுவனம் "கொகுஹோவைக் காட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள், மருத்துவமனையில் இது வேலைக் காயம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆறு மாதம் வேலை செய்து, வேலை நாட்களில் 80 சதவீதம் போயிருந்தால் சம்பளத்தோடு 10 நாள் விடுப்பு சட்டப்படி உங்களுடையது, பகுதிநேரக்காரர்களுக்கு விகிதப்படி. இந்த விடுப்பை யூக்யூ என்பார்கள். நிறுவனம் சில நாட்களைத் தானே குறித்து விடுப்பு என்று கழித்துவிடும்; ஊழியர் பிரதிநிதியோடு எழுத்தில் உடன்பாடு இருந்தால் அப்படிச் செய்யலாம், ஆனால் குறைந்தது 5 நாளை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவைக்க வேண்டும். அப்புறம், "ஒப்பந்தம் முடியும் முன் போனால் இவ்வளவு அபராதம்" என்று ஒரு தொகையை எழுதியிருந்தால் அது செல்லாது, தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. பாடம் தயாரிக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்பார்கள். கட்டாயமாகச் செய்ய வேண்டிய தயாரிப்பை வேலையிடத்திலேயே செய்ய வைத்தால் அதுவும் வேலை நேரம்தான் என்று 2000-இல் ஒரு தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வகுப்பறைக்கும் அதே தர்க்கம் பொருந்தும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு ஒரே முதலாளியிடம் வருட ஒப்பந்தங்களை அடுத்தடுத்துப் புதுப்பித்து ஐந்து வருடம் தாண்டினால், நீங்கள் எழுதிக் கேட்டாலே முடிவுத்தேதி இல்லாத ஒப்பந்தமாக மாற்ற வேண்டும். கேட்காவிட்டால் தானாக மாறாது. நகராட்சி நேரடி நியமனத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

இதெல்லாம் ஏட்டில் இருந்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு 2007-ஐ நினைவுபடுத்துகிறேன். அப்போது ஜப்பானிலேயே மிகப் பெரிய எய்கைவா நிறுவனம் நோவா. சம்பளம் தாமதமாகத் தொடங்கி, அந்த அக்டோபர் 26-ஆம் தேதி நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு மனுப்போட்டது, ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் தெருவில் நின்றார்கள். நிறுவனம் ஏற்பாடு செய்த வீடுகளில் இருந்தவர்களுக்கு இன்னும் கொடுமை: சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டிருந்ததால், வீட்டைக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. 2010-இல் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் திவாலானது. அப்படி முதலாளி திவாலாகும்போது, நிலுவைச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை ஒரு உச்சவரம்புக்குள் அரசே முன்கூட்டிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, வெளிநாட்டவருக்கும் உண்டு. ஆனால் எவ்வளவு நிலுவை என்று காட்ட சம்பளச் சீட்டும் ஒப்பந்த நகலும் வேலை நேரக் குறிப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் கணினியில் இருந்து பயனில்லை. முடிந்தால் வீட்டை முதலாளியிடமிருந்து வாடகைக்கு எடுக்காதீர்கள்.

சிக்கல் வந்தால் முதலில் போக வேண்டிய இடம் தொழிலாளர் தரநிலை மேற்பார்வை அலுவலகம், ஒவ்வொரு வட்டாரத்திலும் உண்டு, செலவில்லை. சுகாதார, தொழிலாளர் அமைச்சகத்தின் தொலைபேசி உதவி ஆங்கிலத்திலும் நேபாளியிலும் வேறு சில மொழிகளிலும் கிடைக்கும், தமிழில் இல்லை. தொழிற்சங்கத்தில் சேர வெளிநாட்டவருக்கு முழு உரிமை உண்டு. ஒசாகாவைச் சேர்ந்த ஜெனரல் யூனியன், தோக்கியோவின் தோசென் போன்ற சங்கங்களில் மொழி ஆசிரியர்கள் நிறைய, உங்கள் நிறுவனத்தில் நீங்கள் ஒருவர்தான் உறுப்பினர் என்றாலும் சங்கம் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டால் முதலாளி காரணமின்றி மறுக்க முடியாது. ஷகாய் ஹோக்கெனில் சேர்க்காமல் விட்ட முதலாளிகளை வருடக்கணக்காக விடாமல் கேள்வி கேட்டவர்களில் இப்படிப்பட்ட சங்கத்து ஆசிரியர்கள் முக்கியமானவர்கள்.

வேலையை விட்டு வேறு வேலைக்கு மாறும் இடைவெளியில் காப்பீடு அறுந்துபோகக் கூடாது. பழைய ஷகாய் ஹோக்கெனை 20 நாளுக்குள் எழுதிக்கொடுத்து இரண்டு வருடம் வரை தொடரலாம், ஆனால் முதலாளி பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். அல்லது 14 நாளுக்குள் கொகுஹோவுக்கு மாறலாம். முதல் தொகையைப் பழைய காப்பீட்டு அமைப்பிடமும் இரண்டாவதை நகராட்சியிலும் கேட்டு ஒப்பிட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள்.

ஊருக்கே திரும்புகிறீர்கள் என்றால், குறைந்தது ஆறு மாதம் ஓய்வூதியச் சந்தா கட்டியவர்கள் கிளம்பிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்து ஒரு தொகையைத் திரும்ப வாங்கலாம். ஷகாய் ஹோக்கெனில் இருந்தவர்களுக்கு அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள், அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்துவிட்டு வந்தால் அவர் மூலம் அந்த வரியையும் திரும்பக் கேட்கலாம். இந்தியர்கள் ஒரு விஷயத்தை யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்: 2016 அக்டோபர் முதல் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது, இங்கே சந்தா கட்டிய காலத்தையும் அங்கே கட்டிய காலத்தையும் ஓய்வூதியத் தகுதிக்குச் சேர்த்துக் கணக்கிடலாம். ஜப்பானில் ஓய்வூதியத்துக்கு இப்போது 10 வருடம் போதும். மொத்தத் தொகையாக வாங்கிவிட்டால் ஜப்பானில் கட்டிய அந்த வருடங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். ஒன்றிரண்டு வருடம் மட்டும் இருந்தவர்கள் வாங்கிக்கொள்ளலாம். ஐந்தாறு வருடம் கட்டியவர்கள், திரும்பவும் ஜப்பான் போக வாய்ப்புள்ளவர்கள், விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்து அந்த இரண்டு வருட அவகாசத்துக்குள் முடிவெடுப்பதே நல்லது.